கம்பி போட்ட காலுக்குச் செருப்பு இல்லை

கால்விரல் கோணலுக்காக எங்களவர் ஒருவருக்குத் திருவனந்தபுரத்தில் செய்த அறுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லூபஸோடு (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) வரும் ஜக்கூ (Jaccoud) வகை விரல் கோணலில் எலும்பு பெரும்பாலும் அரிப்பதில்லை, மூட்டைக் கட்டிப்பிடித்திருக்கும் நார்கள்தான் தளர்கின்றன. நாரை மட்டும் இழுத்துத் தைத்தால் கோணல் திரும்பிவிடும். அதனால் பெருவிரல் மூட்டைத் தகடும் திருகும் வைத்து அசையாமல் இணைத்து, மற்ற விரல்களுக்கு 1.6 மி.மீ. கம்பி செருகினார்கள். லூபஸுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை நிறுத்தவில்லை, ஸ்டீராய்டையும் திடீரென்று வெட்டவில்லை. சரியான முடிவு.

வயிறு எரிந்தது டிஸ்சார்ஜ் அன்றுதான். விரல் நுனிகளில் கம்பி நீட்டிக்கொண்டிருக்க, "செருப்பு புறத்துந்நு வாங்கிக்கணும்" (வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்) என்று அனுப்பிவிட்டார்கள். இங்கிலாந்தில் இப்படிக் கம்பி போட்ட காலுக்கான வளையாத செருப்பை மாட்டி, படி ஏறி இறங்கவைத்துப் பார்த்த பிறகே பெரும்பாலும் வீட்டுக்கு விடுவார்கள். கேரள எல்லையான களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டத்தில் எந்த மெடிக்கலில் கேட்டாலும் எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பையே நீட்டினார்கள். சர்க்கரைக் காலுக்கு அது நல்லது, மெத்தென்று வளையும். இங்கே வளைவதுதான் கேடு. கம்பி விரலடி மூட்டைக் கடந்து பாத எலும்புக்குள் போகிறது. செருப்பு வளையும்போதெல்லாம் அந்த மூட்டில் கம்பியும் மடங்கும். மடங்கி மடங்கி ஒடிந்தால் உள்துண்டு எலும்பிலேயே தங்கிவிடும். ஒடியாவிட்டாலும் துளை தளர்ந்து சீழ் பிடிக்கலாம், ஸ்டீராய்டு எடுப்பவருக்கு இன்னும் எளிதாக.

நாகர்கோவிலில் செயற்கைக் கால் செய்யும் சின்னப் பட்டறை ஒன்று காப்பாற்றியது. அடியில் வளையாத பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் தகடு, மேலே மெல்லிய எம்.சி.ஆர்., கட்டுக்கு இடம்விட்டு அகலமான வெல்க்ரோ. முன்பக்கம் திறப்பு, ஆனால் அடித்தகடு கம்பி நுனியைத் தாண்டி ஒரு விரற்கடை நீளம். கேட்காமலேயே அந்த அண்ணன் மறுகால் செருப்பையும் அதே உயரத்துக்கு ஏற்றிக் கொடுத்தார். இல்லாவிட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவ்வளவு அக்கறை! அறுவைக்கு முந்தின வாரமே அளவு கொடுத்துச் செய்துவைத்துவிடுங்கள்.

குதிகாலில் மட்டும் ஊன்றி நடக்க வேண்டும். முதல் 2 வாரம், உட்காரும்போதும் படுக்கும்போதும் கால் நெஞ்சுக்கு மேலே. நம் வீட்டுக் குளியலறை எப்போதும் ஈரம், பிளாஸ்டிக் உறையை முழங்கால்வரை கட்டுங்கள். கம்பி வெளியே நகர்ந்தால் உள்ளே தள்ளாதீர்கள். விரல் வெளுத்தால் காலைத் தாழ்த்துங்கள், நிறம் திரும்பாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

4 முதல் 6 வாரத்தில் கம்பியை ஓ.பி.யிலேயே உருவிவிடலாம், பெரும்பாலும் மரப்பு ஊசிகூட வேண்டாம். அதற்காக மறுபடி எல்லை தாண்டி பஸ்ஸில் குலுங்க வேண்டியதில்லை. எந்தெந்த விரலில் கம்பி, எப்போது எடுப்பது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கினால் ஊர்ப்பக்கத்து எலும்பு டாக்டரே எடுத்துவிடுவார். எங்கள் கைக்கு வந்த சீட்டில் கம்பி என்ற பேச்சே இல்லை.