புது ஃபோர் வீல் டிரைவ் வண்டியும் மறுக்கப்பட்ட வாரண்டியும்: தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வண்டி எடுக்கவிருப்போர் கவனத்துக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மலையடிவாரத்திலும் காட்டோரத்திலும் நிலம் வைத்திருப்பவர்கள் பலர் இப்போது ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்க எண்ணுகிறார்கள். அவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன். புது வண்டியில் பழுது வருவது யாருக்கும் நேரக்கூடியதே. ஆனால் அந்தப் பழுதின் தடயத்தை விற்பனையாளரின் பட்டறையிலேயே அழித்துவிட்டு, பிறகு அதே பழுதுக்கு வண்டியின் உரிமையாளர்தான் காரணம் என்று சொல்வதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. எனக்கு நடந்தது அதுதான்.

எங்கள் மாந்தோப்பு பாலக்கோடு வட்டத்தில், பஞ்சப்பள்ளி சாலையிலிருந்து உள்ளே விலகிச் செல்லும் செம்மண் பாதையில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பாதையில் டிராக்டரைத் தவிர வேறு வண்டி நகராது. வயதான தந்தையைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எந்த நேரத்திலும் அழைத்துச் செல்லும்படியான வண்டி வேண்டும் என்பதற்காகவே, பதிவுச் செலவு, காப்பீடு உட்பட 17 லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து, பெரும்பகுதியை வங்கிக் கடனாகப் பெற்று, டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கினோம். 3 ஆண்டுகள் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி என்று எழுதித் தந்தார்கள்.

முதல் மழைக்காலத்திலேயே கோளாறு தெரிந்தது. சேற்றில், நான்கு சக்கரங்களும் இழுக்கும் 4எச் நிலைக்கு மாற்றினால் வண்டி நன்றாகவே ஏறியது. தார்ச் சாலைக்கு வந்து குமிழை, இரண்டு சக்கரங்கள் மட்டும் இழுக்கும் 2எச் நிலைக்குத் திருப்பிய பிறகும் டாஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. வளைவுகளில் முன் சக்கரங்கள் இழுத்துப் பிடிப்பது போல ஸ்டீயரிங் கனத்தது. அடியிலிருந்து அரைக்கும் ஓசை எழுந்தது.

இந்த இடத்தில் இயந்திரத்தைப் பற்றிச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்னால் வந்த வழக்கு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. எங்களுடையது போன்ற வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே, அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. 4எச் நிலையில், இன்ஜின் விசையை அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு அச்சுகளையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தொலைவு உருள வேண்டும். சேற்றிலும் மணலிலும் சக்கரங்கள் வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் வழுக்க இடமில்லாததால், முறுக்கம் முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸின் சங்கிலியிலும் பற்சக்கரங்களிலும் இறங்கும். அதனால்தான் காய்ந்த தார்ச் சாலையில் 4எச் பயன்படுத்தக் கூடாது என்று உரிமையாளர் கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த விதியை நாங்கள் மீறவே இல்லை. குமிழை 2எச்சுக்குத் திருப்பினால், ஆக்சுவேட்டர் எனப்படும் சிறிய மின்மோட்டார் அந்தப் பூட்டை விடுவிக்க வேண்டும். எங்கள் வண்டியில் அது விடுவிக்கவில்லை.

முதல் முறை பட்டறைக்குக் கொண்டுசென்றபோது, "ஃபோர் வீல் வண்டின்னா கொஞ்சம் இப்படித்தாங்க சார் இருக்கும்" என்றார் சர்வீஸ் அட்வைசர். நான் சொன்ன குறையை முழுவதும் கேட்டுக்கொண்ட அவர், பட்டறையின் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் 'பொதுப் பரிசோதனை' என்று மட்டும் பதிவு செய்தார். ஸ்கேனரை மாட்டினார்கள், வண்டியின் கணினி பதிந்துவைத்திருந்த பழுதுக் குறியீடுகளான ஃபால்ட் கோடுகளை அழித்தார்கள், விளக்கு அணைந்தது, வண்டியைத் திருப்பித் தந்தார்கள். என்ன கோடு வந்தது, எத்தனையாவது கிலோமீட்டரில் பதிவானது என்பதற்குத் துண்டுக் காகிதம்கூட இல்லை. கிளம்பும்போது, "கம்பெனியிலிருந்து போன் வந்தா பத்துக்குப் பத்து சொல்லிடுங்க சார், எங்க சம்பளமே அதுலதான் இருக்கு" என்று கேட்டுக்கொண்டார். அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அப்படிப் பெறப்படும் மதிப்பெண், 'வாடிக்கையாளர் முழுத் திருப்தி அடைந்தார்' என்ற சான்றாக உங்களுக்கு எதிராகவே பின்னர் காட்டப்படும்.

சில வாரங்களில் அதே கோளாறு திரும்பியது. இம்முறை சாஃப்ட்வேர் புதுப்பித்ததாகச் சொன்னார்கள். ஸ்கேனர் அறிக்கையின் பிரதியைக் கேட்டேன்; அது கம்பெனியின் தரவு, வெளியே தர இயலாது என்று பட்டறை மேலாளர் மறுத்தார். மூன்றாவது முறை வண்டி 4எச் நிலையிலேயே சிக்கி, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து எண்ணெய் கசிந்து, ரெக்கவரி வண்டியில்தான் ஏற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. என் அனுமதியைக் கேட்காமலே கேஸைத் திறந்துவிட்டு, சங்கிலி நீண்டு பற்சக்கரங்கள் தேய்ந்திருக்கின்றன, தார்ச் சாலையில் 4எச்சில் ஓட்டியதே காரணம், இது 'தவறான பயன்பாடு' என்பதால் வாரண்டியில் வராது, 1,20,000 ரூபாய்க்கு மேல் செலவாகும் என்று தொலைபேசியில் தெரிவித்தார்கள்.

விளைவைக் காரணமாக்கிக் காட்டும் வாதம் இது. மோட்டார் பூட்டை விடுவிக்காததால்தான் வண்டி தார்ச் சாலையில் 4எச்சில் ஓடியது. அதனால்தான் சங்கிலி தேய்ந்தது. அந்த மோட்டாரின் கோளாற்றை நிறுவக்கூடிய கோடுகளை, ஜாப் கார்டில் குறிப்பிடாமல், அழித்தவர்களே அவர்கள்தாம். மறுப்பை எழுத்தில் தாருங்கள் என்றதும் பேச்சு மாறியது: தயாரிப்பு நிறுவனம் ஒப்புதல் தரவில்லை, எங்கள் கையில் ஒன்றுமில்லை என்றார்கள். தயாரிப்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால், விற்பனையாளரின் ஆய்வறிக்கையின்படியே முடிவெடுத்தோம் என்று பதில் வந்தது. இடையில், எஸ்டிமேட்டுக்குச் சம்மதிக்காவிட்டால் நாள் கணக்கில் நிறுத்தக் கட்டணம் போடுவோம் என்றும் மிரட்டினார்கள். அன்றிலிருந்து, தொலைபேசியில் பேசியது எதுவாயினும் அதே மாலை மின்னஞ்சலாக எழுதி, "இன்று தாங்கள் கூறியது இது, மாற்றம் இருப்பின் தெரிவிக்கவும்" என்று அனுப்பத் தொடங்கினேன். ஒரு மின்னஞ்சலையும் அவர்கள் மறுக்கவில்லை. பின்னர் அந்த மௌனமே எங்களுக்கு உதவியது.

வாரண்டி, வண்டியை விற்ற கடையோடு கட்டுண்டதல்ல; அதே நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற எந்தப் பட்டறையிலும் செல்லும். கழற்றியதை மீண்டும் பூட்டச் செய்து, தொப்பூர் கணவாயில் ஓட்டிச் செல்ல அஞ்சி, பிளாட்பெட் லாரியில் ஏற்றிச் சேலத்திலுள்ள வேறொரு அங்கீகாரப் பட்டறைக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்த மூத்த மெக்கானிக் ஸ்கேனரில் பார்த்தபோது, மீண்டும் பதிவாகியிருந்த கோடு கிலோமீட்டர் அளவோடு வந்தது. "தம்பி, நீங்க ரெண்டுல போட்டாலும் மோட்டார் திரும்பவே இல்லை, அது நாலுலதான் ஓடியிருக்கு" என்று சொன்னதோடு நில்லாமல், அச்சடித்த பிரதியையும் கையில் தந்தார். குமிழ் 2எச்சில் இருப்பதும், விளக்கு சிமிட்டுவதும், ஓடோமீட்டர் எண்ணும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி நான் கைப்பேசியில் எடுத்திருந்த காணொளியும் அந்தப் பிரதியும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்து, வழக்கறிஞர் மூலம் விற்பனையாளர், தயாரிப்பாளர் இருவருக்கும் அறிவிக்கை அனுப்பினோம். இருவரையும் சேர்ப்பது முக்கியம். இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம் தனித்தனி வணிகர்களுக்கிடையே ஆனது, ஒருவர் செயலுக்கு மற்றவர் பொறுப்பல்லர் என்ற வாதம் இத்தகைய வழக்குகளில் தவறாமல் வருகிறது; ஒருவரை விட்டுவிட்டால், இல்லாதவர் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள். அறிவிக்கை சென்ற பிறகு நிறுவனத்தின் பொறியாளர் நேரில் வந்து பார்த்தார். ஆக்சுவேட்டரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் வாரண்டியிலேயே மாற்றித் தரப்பட்டன. ஆனால் ரெக்கவரி வண்டிக்கும், பிளாட்பெட்டுக்கும், தந்தையின் சிகிச்சைக்காக அமர்த்திய வாடகைக் கார்களுக்கும் ஆன செலவைத் தர மறுத்துவிட்டார்கள். வண்டி பட்டறையில் நின்ற மாதங்களுக்கும் நாங்கள் கடன் தவணை கட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

வண்டியையே மாற்றித் தர வேண்டும் என்று ஏன் கேட்கவில்லை என்று உறவினர்கள் கேட்டார்கள். திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டியை மாற்றித் தரச் செய்யும் தனிச் சட்டங்கள் அமெரிக்க மாநிலங்களில் உண்டு. நம் நாட்டில் இல்லை. வாரண்டி நிபந்தனையில் பாகத்தை மாற்றுவது மட்டும் சொல்லப்பட்டிருந்தால் முழு வண்டியையும் மாற்றக் கோர முடியாது என்று 2006-ஆம் ஆண்டு ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. உற்பத்திக் குறைபாடு என்று வாதிட்டால் அதை நிபுணர் ஆய்வால் நிறுவ வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி, தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்புமாறு நுகர்வோர் ஆணையத்திடம் கோரலாம். பட்டறையில் அழிக்கப்படும் ஒவ்வொரு கோடும் அந்த ஆய்வை அவ்வளவுக்கு வலுவிழக்கச் செய்யும்.

ஆகவே வண்டியைப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்வதற்கு முன்பே மண் தரையில் 4எச், மெதுவான வேகத்தில் அதிக இழுவிசை தரும் 4எல் இரண்டையும் போட்டு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பதிவான பிறகு மாற்றிக் கேட்பது மிகக் கடினம். வெளிக்கடையில் கூடுதல் விளக்குகளுக்கு வயர் இழுப்பதையும், ஒரே ஒரு டயரை மட்டும் வேறு அளவில் மாற்றுவதையும் வாரண்டிக் காலம் முடியும்வரை தவிர்த்துவிடுங்கள். மறுப்பதற்கு முதலில் தேடப்படும் காரணங்கள் அவை. உங்கள் குறை உங்கள் சொற்களிலேயே ஜாப் கார்டில் ஏறும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். கோடுகளை அழிப்பதற்கு முன் அச்சுப் பிரதி வேண்டும் என்பதையும் அதே கார்டில் எழுதச் செய்யுங்கள். வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னரே திருப்திப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

செலவுத் தொகைக்காகத் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறோம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 10 முதல் 20 லட்சம்வரையான விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். சிக்கல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் அளித்துவிட வேண்டும். விற்பனையாளர் வேறு ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே அளிக்கச் சட்டம் இடம் தருகிறது. எதிர்த்தரப்பினர் 30 நாள்களுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும்; ஆணையம் மேலும் 15 நாள்கள் வரை நீட்டிக்கலாம். எங்கள் புகாரில் இப்போது அந்தக் காலக்கெடு நடந்துகொண்டிருக்கிறது.