சென்னை ஜாஸா, மாசி வீதி மல்லாரியா?

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் மேலூர். பைத்தியமோ ஜாஸ் மேல். எங்கள் கல்யாண நாள் சித்திரையில் வரும். ஏப்ரல் 30 உலக ஜாஸ் தினம், யுனெஸ்கோவே 2011-இல் அறிவித்தது என்று வருஷம் தவறாமல் பேச்சை எடுப்பார். கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சாயங்காலம், நாங்கள் இரண்டு பேர், நல்ல சங்கீதம். எங்கே போய்க் கேட்பது என்பதில்தான் தகராறு. நாலு இடம் போய்ப் பார்த்தாயிற்று.

முதலில் சென்னை. நாங்கள் இருக்கும் மதுரையில் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது எழும்பூர். பகலெல்லாம் சுற்றிவிட்டு மாலையில் ஜாஸ் கச்சேரி. எனக்கு அதுவரை ஜாஸ் என்றால் ஓட்டல் லிஃப்டில் கேட்கிற சத்தம்தான். நேரில் கேட்டபோது வேறாக இருந்தது. எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிக்கிறார்கள். அப்புறம் சாக்ஸபோன், பியானோ என ஒவ்வொருவராக முன்னே வந்து, அந்த மெட்டுக்கு அடியில் ஓடும் சுர அடுக்குகளின் வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கிறார்கள். ஒருவர் முடித்ததும் நடுவிலேயே கைதட்டலாம். அது எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் சாக்ஸபோனும் டிரம்ஸும் நாலு நாலு தாளச் சுற்றாக மாற்றி மாற்றிப் பேச ஆரம்பித்தன. ஆனால் கச்சேரி ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கியிருந்தது. எங்களுக்கு அன்றிரவே ரயில். அந்தப் பேச்சின் நடுவில் எழுந்து ஓடினோம். தாம்பரம் தாண்டும்வரை அவர் வாயே திறக்கவில்லை.

இரண்டாவது, உள்ளூர் சபா. தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் ஹாலில் ஒரு கச்சேரி. பஸ் செலவு போக அதிகம் ஆகாது. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்புக்கு வந்தன. ஒருவர் வாசித்த அளவுக்கு மற்றவர் பதில், பிறகு அதில் பாதி, அதிலும் பாதி, கடைசியில் இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்கிற முடிப்புகள். அவர் என் கையைப் பிடித்து, "அங்கே பாதியில் விட்டுட்டு வந்தோமே, அது இதுதான்" என்றார். எல்லாம் ஒன்று என்று அவர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஜாஸில் பல சுரம் ஒரே நேரத்தில் கேட்கும். அந்த அடுக்கு மாறினால் மெட்டின் நிறமே மாறும். இங்கே ஒரே சுருதி, ஒரே ராகம், அதற்குள்தான் அத்தனை அலைச்சலும். ஆனால் அந்தக் கடம் நம் பக்கத்து மானாமதுரை மண்ணில் செய்ததாக இருக்கும் என்கிற பெருமை எனக்கு உண்டு.

குறை ஒன்றுதான். மூன்று மணி நேரத்தில் இரண்டு வார்த்தை பேசினோம். அதற்கே முன்வரிசைப் பெரியவர் திரும்பி முறைத்தார். கல்யாண நாளுக்கு இது ஆகாது.

திருமலை நாயக்கர் மகாலில் நாங்கள் பார்த்த ஒலி-ஒளிக் காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தூண்கள் அழகு, சிலப்பதிகாரக் கதையும் நன்று. ஆனால் எல்லாம் ஒலிப்பதிவு. நேற்று கேட்டதுதான் நாளைக்கும். வெளியூர் உறவினர் வந்தால் அழைத்துப் போகலாம்.

நாலாவது, சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதி. மீனாட்சியும் சுவாமியும் மாலையில் வீதியுலா வருவார்கள். முன்னால் நாதஸ்வரம், தவில். புறப்பாட்டுக்கு மல்லாரி என்கிற உருப்படி, கம்பீர நாட்டை ராகத்தில். அதற்குப் பாட்டு வரிகளே கிடையாது. வழியில் சுவாமி தங்கும் மண்டகப்படியில் நின்றதும் ராகம் விரியும். எவ்வளவு நேரம் நிற்கும் என்று வாசிப்பவருக்கும் தெரியாது. பல்லக்கு நகர்ந்தால் பிடித்த பிடியை அங்கேயே முடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். விரல்களில் கூடு மாட்டிய தவில்காரர் அந்த இடைவெளியை எப்படி நிரப்புகிறார் என்று பார்க்கவே கூட நடக்கலாம்.

நடக்கும்போதுதான் எங்கள் பழைய சண்டை வந்தது. சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்ஸபோன்காரர் நாதஸ்வரம் கற்றுக்கொண்டு வாசித்தவர் என்பது அவர் கட்சி. கத்ரி கோபால்நாத் நாதஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளை, சாக்ஸபோனையே கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கினார் என்பது என் கட்சி. வடக்கு மாசி வீதியிலிருந்து கிழக்கு மாசி வீதி திரும்பும்வரை சத்தமாகவே வாதாடினோம். யாரும் முறைக்கவில்லை. நடுவில் பருத்திப்பால். விளக்குத்தூண் பக்கம் வந்ததும் கூட்டத்தில் கையைப் பிடித்துக்கொள்ளாமல் நடக்க முடியாது, அதையும் கணக்கில் சேர்க்கிறேன்.

நியூ ஆர்லியன்ஸில் ஊர்வலத்தின் முன்னால் பித்தளை வாத்தியக்காரர்கள் போவார்களாம். அவர்களுக்குப் பின்னால் ஆடிக்கொண்டே வரும் ஊர் ஜனத்துக்கு இரண்டாம் வரிசை என்று பெயர். ஜாஸ் அந்தத் தெருக்களில் வளர்ந்தது. குளிர்சாதன அரங்கத்துக்குள் வந்தது பிற்பாடு. இதை எனக்குச் சொன்னவர் அவரேதான். அப்படியானால் அன்று மாசி வீதியில் நாங்கள் இருவரும் இரண்டாம் வரிசைதானே என்று கேட்டேன். பதில் இல்லை.

சாயங்காலம் மட்டும்தான் கையில் இருக்கிறது, பேசவும் வேண்டும் என்றால் என் ஓட்டு மாசி வீதிக்கு. காது மட்டும் போதும் என்றால் சபா. பியானோவும் பாஸ் என்கிற கனத்த குரல் தந்தி வாத்தியமும் சேர்ந்து ஒலிக்கும் அந்த அடுக்குச் சத்தத்துக்கு மதுரையில் மாற்று கிடையாது. அதற்குச் சென்னைதான், இரண்டு நாள் லீவும் வேண்டும். இந்த முறை அவர் டிக்கெட் போட்டுவிட்டார். திரும்பும் ரயில் கச்சேரிக்கு மறுநாள் இரவு.