ராமநாதபுரம் கடற்கரை சைக்கிள் டூர்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நேராக ஓடும் ஒரு கால்வாய், இரண்டு பக்கமும் வரிசை பிடித்த பெரிய மரங்கள், கரையில் ஒரு பெண் சைக்கிள் ஓட்டிப் போகிறாள். கீழே "திராட்சைத் தோட்டங்கள், காடுகள், கால்வாய்ப் பாதைகள்: ராமநாதபுரம் கடலோர சைக்கிள் பயணம்" என்று போட்டிருக்கும். அதை நம்பித்தான் ஆளுக்கு 14,500 ரூபாய் கட்டினோம். சைக்கிளுக்கு முன்பணமாகத் தலைக்கு 5,000 தனி. வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. அந்தப் படமே போதுமான அடையாளம்.

ராமநாதபுரத்தில் ஏது திராட்சை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். எங்கள் பூர்வீகமே சாயல்குடிப் பக்கம். திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்கு. எங்கள் மண்ணுக்கு முண்டு மிளகாயும் பனையும்தான். முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. "சார், அது தீம் சார், ஒரு ஃபீலுக்காகப் போட்டது" என்றார்கள். சரி, தோட்டம் எதுவாக இருந்தால் என்ன, வழி நமக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். பிரான்ஸில் இருக்கும் மச்சான் பிள்ளைகளோடு விடுமுறைக்கு வந்திருந்தார். பிள்ளைகளுக்கு நல்ல கியர் சைக்கிள், ஹெல்மெட், பின்னாலேயே வரும் வேன் இவை மூன்றும் வேண்டும். அதற்குத்தான் அந்தப் பணம்.

கிளம்பும் அன்று கையில் ஒரு அச்சடித்த புத்தகம் கொடுத்தார்கள். மச்சான் அட்டையில் இருந்த அந்தக் கால்வாய்ப் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "மாப்ள, இது கனால் டு மிடி. இந்தக் கரையில நான் சைக்கிள் ஓட்டியிருக்கேன்" என்றார். பிரான்ஸின் துலூஸ் நகரத்திலிருந்து கடலோர ஏரி வரை 240 கிலோமீட்டர் ஓடும் கால்வாய் அது. 1681-இல் கட்டி முடித்தது. அந்தக் காலத்தில் படகைக் குதிரை கட்டி இழுப்பதற்காகக் கரையோரம் பாதை போட்டிருக்கிறார்கள். தண்ணீர் மட்டத்தையொட்டிப் போகிற பாதை என்பதால், படகை ஏற்றி இறக்கும் மதகுகள் வரும் இடங்களைத் தவிர மேடென்று ஒன்று கிடையாதாம். வழியெல்லாம் திராட்சைத் தோட்டம், மரநிழல். புத்தகத்தின் உள்ளே இருந்ததும் அந்த ஊர்ப் பயணத் திட்டம்தான். தோட்டம், காடு, கால்வாய் என்ற வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். காடு என்ற இடத்தில் காரங்காடு. கால்வாய்ப் பாதை என்ற இடத்தில் ஒரு கண்மாய்க் கரை.

காரங்காட்டு அலையாத்திக் காட்டைப் பற்றிக் குறையே கிடையாது. வனத்துறை படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறது, பிள்ளைகள் அசந்துபோனார்கள். ஆனால் புத்தகத்தில் "காட்டுக்குள் சைக்கிள் பயணம்" என்றிருக்கிறது. சேற்றுக்குள் வேரூன்றி நிற்கும் மரங்களுக்கு நடுவே யார் சைக்கிள் மிதிப்பது? கட்டணத்துக்குள் அடக்கம் என்று சொன்ன படகுச் சீட்டையும் நாங்கள்தான் வாங்கினோம்.

கண்மாய்க் கரை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பணத் தகராறு அங்கேதான் பிறந்தது. ஆடி மாதம். கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கரை முழுக்கச் சீமைக் கருவேலம். காய்ந்து உதிர்ந்த முள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. கொஞ்ச தூரம் போவதற்குள் மச்சான் மகளின் பின் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. டயரைத் தடவிப் பார்த்து ஏழு முள் பிடுங்கினேன். அதற்குள் இன்னொரு சைக்கிளும் போய்விட்டது. மாற்று டியூப் தரவில்லை, பம்ப் தரவில்லை. வேனுக்குப் போன் போட்டால் டிரைவர் ராமேஸ்வரத்தில் இருக்கிறார்; அதே வேனில் வேறொரு கோஷ்டியைக் கோயிலுக்கு ஏற்றிப் போயிருக்கிறார்கள்.

தேவிபட்டினம் சாலை வரைக்கும் தள்ளிக்கொண்டே போய் ஒரு சைக்கிள் கடையைப் பிடித்தோம். கடைக்கார பாய் டியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிப் பார்த்தார். ஒரு சாண் இடைவெளியில் நாலு இடத்தில் கொப்புளம். ஒட்டிக்கூடக் கொடுத்தார், ஆனால் டியூப்பின் மூக்கில் (வால்வில்) காற்றடிக்க முடியவில்லை. "தம்பி, இது வால்டியூப் போடுற மூக்கு இல்ல, வெளிநாட்டு மூக்கு. ஒல்லியா இருக்கும், நம்ம பம்ப் புடிக்காது. சின்னதா ஒரு பித்தளை மூடி உண்டு, அதைத் திருகினாப் புடிக்கும். அதைக்கூடவா கொடுத்து விடல?" என்றார். கொடுத்து விடவில்லை. சுண்டுவிரல் நகம் அளவுச் சாமான் அது. அது இல்லாமல் இந்தக் கடற்கரையில் எந்தக் கடையிலும் அந்த டியூப்புக்குக் காற்று ஏறாது.

சாதாரண டியூப் போடலாம் என்றால் அதன் மூக்கு தடிமன்; ரிம்மில் இருக்கும் ஓட்டைக்குள் நுழையாது. உருண்டை அரத்தால் ஓட்டையைக் கொஞ்சம் ராவினால்தான் நுழையும். நான் நிறுவனத்துக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. விவரத்தை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். "அங்கேயே பாத்து எதாச்சும் பண்ணிக்கங்க சார், பில்லை மட்டும் வாங்கி வைங்க" என்று குரல் பதிவு வந்தது. பாய் ராவி, டியூப் மாட்டிக் கொடுத்தார். வெயிலில் நின்ற பிள்ளைகளுக்கு நுங்கும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்தது காற்று. ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். பாம்பனில் 1914-இல் கட்டிய பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் (2022 வரை), காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். பக்கத்திலிருக்கும் சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதில் பக்கவாட்டுக் காற்றில் பிள்ளைகளை ஓட்டச் சொல்கிறது திட்டம். நாங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடந்தோம். அதைவிடக் கொடுமை, தனுஷ்கோடியில் தொடங்கி மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி என்று முழுக்க எதிர்காற்றில் போட்டிருக்கிறார்கள். தலைகீழாகப் போட்டிருந்தால் காற்றே முதுகைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். ஒரு மீனவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஏர்வாடியோடு சைக்கிளை நிறுத்திவிட்டு, மீதி தூரத்துக்குச் சொந்தச் செலவில் சரக்கு வண்டி பிடித்தோம்.

ராமேஸ்வரத்தில் "கடலோரக் குடில்" என்றார்கள். ஆடி அமாவாசை அன்று ராமேஸ்வரத்தில் அறை கிடைப்பது எப்படி என்று உங்களுக்கே தெரியும். முன்பதிவே செய்யாமல், ஒரு சத்திரத்துக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். அன்றைய இரவுக்குப் புத்தகத்தில் இருந்த நிகழ்ச்சி என்ன தெரியுமா? "தனுஷ்கோடியில் நிலவொளிச் சவாரி." அமாவாசையன்று! தவிர, பொழுது சாயும்போதே போலீஸ் எல்லோரையும் தனுஷ்கோடியிலிருந்து திருப்பி அனுப்பிவிடும்.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். சைக்கிளைத் திருப்பிக் கொடுத்த பிறகு முன்பணத்தில் ஒரு பைசா வரவில்லை. ரிம்மில் ஓட்டை பெரிதாக்கிய வகையில் சேதாரம், உப்புத் தண்ணீரில் செயின் துருப்பிடித்த வகையில் சேதாரம் என்று கணக்கு அனுப்பினார்கள். "பண்ணிக்கங்க" என்று அவர்கள் சொன்ன குரல் பதிவு என்னிடம் இருக்கிறது. துருவுக்கும் சாட்சி இருக்கிறது. கிளம்பிய காலையில் மச்சான் மகள் சைக்கிளோடு எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் செயின் செங்கல் நிறத்தில் தெரிகிறது, அப்போது சக்கரம் கடற்காற்றையே பார்த்திருக்கவில்லை. இரண்டையும் அனுப்பியதும் என் எண்ணை முடக்கிவிட்டார்கள்.

1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தோம். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். நிறுவனம் பதில் சொல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறோம். இதற்காக அவர்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம், வக்கீல் வைப்பதும் வைக்காததும் நம் விருப்பம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

யாராவது இந்தப் பக்கம் சைக்கிள் டூர் என்று பணம் கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மாதம், எந்தத் திசையில் ஓட்டுகிறோம்? டியூப்பின் மூக்கு எந்த வகை, கூடவே பம்ப் வருமா? பின்னால் வரும் வேனின் நம்பர் என்ன, அது வேறு கோஷ்டிக்குப் போகாதா? முதல் கேள்விக்கே "அதெல்லாம் டீம் பாத்துக்கும் சார்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம். சைக்கிளைக் கையில் வாங்கியதும் செயின், ரிம், பிரேக் கட்டை எல்லாவற்றையும் அவர்கள் ஆள் முகம் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்துவிடுங்கள்.

சொந்த சைக்கிள் இருப்பவர்கள் இவர்களிடம் போகவே வேண்டாம். ஆடியில் வந்தால் சாயல்குடியில் தொடங்கிக் கிழக்கே போங்கள். ஐப்பசி மழை விட்டு வாடைக்காற்றில் வந்தால் தனுஷ்கோடியில் தொடங்கி மேற்கே வாருங்கள். தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள், மாற்று டியூப் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பித்தளை மூடியை மறந்துவிடாதீர்கள்.