ஒன்பது ஆண்டுகள், ஐந்து கப்பல்கள், ஒரு கருநீலக் கால்சட்டை

ஜூன் விடுமுறையோ ஆண்டிறுதி விடுமுறையோ நெருங்கினால் உறவுக்காரர்களில் யாராவது ஒருவர் என்னை அழைத்துவிடுவார். கட்டணம், அறை, வாந்தி மாத்திரை என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வருவார்: "கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகளுக்கு என்ன உடுத்திவிடுவது?"

எங்கள் வீட்டில் பெட்டி கட்டுவது என் பொறுப்பு. மனைவிக்குச் சுழல்முறை வேலை என்பதால் அது எப்படியோ என் தலையில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. 2016-க்கும் 2025-க்கும் இடையில் ஐந்து முறை சொகுசுக் கப்பல் ஏறியிருக்கிறோம். நான்கு முறை சிங்கப்பூர் மரினா பே முனையத்திலிருந்து, ஒரு முறை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து. முதல் பயணத்தில் மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டு. கடைசிப் பயணத்தில் பதினைந்தும் பதினொன்றும். எந்தத் துணி உழைத்தது, எது பெட்டியை அடைத்துக்கொண்டு வந்து மடிப்புக் கலையாமல் வீடு திரும்பியது என்று சொல்லுமளவுக்கு அனுபவம் சேர்ந்துவிட்டது.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பயம் அங்கேதான் தொடங்குகிறது. பெரும்பாலான கப்பல்களில் மேஜைக்கு வந்து பரிமாறும் பெரிய உணவுக்கூடம் ஒன்று இருக்கும். நாமே எடுத்துச் சாப்பிடும் பஃபே தனி. உடை விதியெல்லாம் முக்கியமாக அந்தப் பெரிய கூடத்துக்குத்தான். கேஷுவல் (சாதாரண உடை), ஸ்மார்ட் கேஷுவல் (கொஞ்சம் நேர்த்தியான உடை), ஃபார்மல் (விருந்துக்கான முறையான உடை) என்று ஒவ்வோர் இரவுக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். மூன்று நான்கு இரவுப் பயணத்தில் பெரும்பாலும் ஒரு ஃபார்மல் இரவு வரும். ஏழு இரவு என்றால் இரண்டு. நீச்சலுடையும் வெறுங்காலும் எந்த இரவும் ஆகாது. ஃபார்மல் இரவு பிடிக்காதவர்கள் பஃபேக்குப் போய்விடலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். நார்வீஜியன் என்ற நிறுவனத்தின் கப்பல்களில் ஃபார்மல் உடை கட்டாயமே இல்லை. டிஸ்னி கப்பலின் கடற்கொள்ளையர் இரவில் தலையில் துணி கட்டிக்கொண்டு வரும் பிள்ளைதான் ஒழுங்காக உடுத்திய பிள்ளை. மறுகோடியில் 1840 முதல் அட்லாண்டிக்கில் கப்பல் ஓட்டும் குனார்ட் நிறுவனம். அங்கே மாலை 6 மணிக்குமேல் கப்பலின் முகமே மாறும்; காலா என்று அவர்கள் அழைக்கும் ஃபார்மல் இரவுகளில் பெரியவர்கள் கறுப்புக் கோட்டும் வில் கழுத்துப்பட்டையுமாக வருவார்கள். ஆனால் அங்கும் முறையான தேசிய உடைக்கு இடமுண்டு. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் முதல் ஆண்டில் எனக்கு நூறு சிங்கப்பூர் வெள்ளி மிஞ்சியிருக்கும்.

அந்த நூறு வெள்ளியில் வாங்கியது மகனுக்கு ஒரு குட்டிக் கோட்டு. விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் அப்படி ஒரு பையன் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கோட்டு! போட்டதும் பொம்மைபோல் கைகள் இரண்டும் விறைத்து நின்றன. மின்தூக்கியில் ஏறுவதற்குள் ஒரு கையைக் கழற்றிவிட்டான். கிளிப் வைத்த கழுத்துப்பட்டையை வாயில் போட்டு நன்றாக ஊறவைத்தான். மொத்தப் பயன்பாடு பதினோரு நிமிடம். புகைப்படத்தின் நேரத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அதற்கு முந்தைய இரவு இன்னும் மோசம். முனையத்தில் பெட்டிகளை ஒப்படைத்தால் அவர்களே அறை வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். எப்போது என்பது நம் கையில் இல்லை. எங்கள் பெட்டி அன்றிரவு ஒன்பது மணி தாண்டித்தான் வந்தது. சாப்பாடு ஐந்தரை மணிக்கு. கோட்டு, பட்டு, புதுச் சப்பாத்து எல்லாம் கப்பலின் வயிற்றுக்குள் எங்கோ கிடக்க, நாங்கள் ஏறியபோது போட்டிருந்த அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் பிள்ளைகளை உணவுக்கூட வாசலில் நிறுத்தினேன். திருப்பி அனுப்புவார்கள் என்றுதான் நினைத்தேன். பரிமாறுபவர் மகனின் செருப்பைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கைத்துண்டை முயலாக மடித்து அவன் தட்டில் வைத்துவிட்டுப் போனார். முதல் இரவில் பாதிக் கூடமே அப்படித்தான் இருந்தது. அதன்பிறகு முதல் இரவுக்கான உடை எப்போதும் கைப்பையில்தான். ஆளுக்கொரு காலர் சட்டை, ஒரு கால்சட்டை. சுருட்டி வைத்தால் ஒரு தண்ணீர்ப் புட்டியின் இடம்தான் பிடிக்கும்.

இனி பட்டுப் பாவாடை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

மகளுக்கு என் மாமியார் தைத்துக் கொடுத்தது. அரக்குச் சிவப்பு உடல், மயில்கழுத்து நிறத்தில் கரை. வளரும் பிள்ளை என்பதால் இடுப்பருகே இரண்டு உள்மடிப்பு வைத்துத் தைத்திருந்தார். ஃபார்மல் இரவில் அதை உடுத்தி நடத்திக் கூட்டிப்போனபோது கிடைத்த மரியாதை எனக்கு என் கல்யாணத்தில்கூடக் கிடைக்கவில்லை. வழியெல்லாம் நிறுத்தினார்கள். படிக்கட்டின் கீழே திரை கட்டி நின்ற புகைப்படக்காரர் வரிசையை மீறி எங்களை அழைத்தார். இந்திய உடை ஃபார்மல் கணக்கில் சேருமா என்று கேட்பவர்களுக்கு அன்றைக்கே பதில் கிடைத்துவிட்டது.

அழகு சரி, புழக்கம் வேறு. உணவுக்கூடத்திலிருந்து திறந்த தளத்துக்குப் போகும் கதவுகளில் உயர்ந்த வாசற்படிகள் இருக்கும், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க. பாவாடை தடுக்கி அங்கே ஒரு முறை விழுந்தாள். அறையின் கழிப்பறை அலமாரி அளவுதான். பாவாடையை அள்ளிப் பிடிக்க ஒரு ஆள், பிள்ளையைப் பிடிக்க ஒரு ஆள் என்றால் நிற்க இடமில்லை. மூன்றாவது நாள் தக்காளி சூப். ஒரு சொட்டுதான், கரையிலிருந்து நாலு விரல் மேலே. பட்டை அறைக் குழாயில் கசக்க முடியாது, கப்பல் சலவைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஊர் திரும்பியதும் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் உலர்சலவைக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்தப் புள்ளி இன்னும் இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் விளையாட்டு மன்றத்துக்கு ஓடுவார்கள். அங்கே வண்ணம், பசை, தரையில் தவழ்தல். பட்டுக்கும் அதற்கும் ஒட்டாது.

2018-ல் ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டு அதே பாவாடையைத் திரும்ப எடுத்துப்போனோம். ஆனால் சில மாற்றங்களோடு. கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே நிற்கும்படி நாடாவை ஏற்றிக் கட்டினோம். உள்ளே பருத்தி அரைக்கால் சட்டை. புகைப்படமும் முதல் தட்டும் முடியும்வரை பட்டு; பிறகு கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டு, உள்சட்டையின்மேல் தயாராக வைத்திருந்த பருத்திக் கவுனை மாட்டிவிடுவது. அழுகை இல்லை, கறை இல்லை. இன்னொரு பெண் இருந்திருந்தால் பட்டுக்குப் பதில் பருத்தி கலந்த பட்டில் தைக்கச் சொல்லியிருப்பேன். பார்வைக்குப் பாதி, உழைப்பில் மூன்று மடங்கு.

எல்லோரும் விதியைப் பற்றிக் கேட்கிறார்கள், குளிரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வெளியே மலாக்கா நீரிணையின் புழுக்கம், உள்ளே உணவுக்கூடம் பனிப்பெட்டி. மகள் ஒரு முறை கையில்லாத கவுனில் நடுங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜைப் பெண்மணி தன் சால்வையைக் கொடுத்தார். முழுக்கைக் குளிர்ச்சட்டை எடுத்துப்போனால் அதன் கை முதலில் சூப்பில் குளிக்கிறது, பிறகு ஐஸ்கிரீமில். கடைசியில் நிலைத்தது கையில்லாத பின்னல் சட்டை. காலர் சட்டையின்மேல் அதை மாட்டினால் நெஞ்சுக்குக் கதகதப்பு, கைக்கு விடுதலை, பார்ப்பவர்களுக்கு ஃபார்மல். கோட்டுக்குச் செலவழிக்க இருப்பவர்கள் இதில் இரண்டு வாங்கிக்கொள்ளலாம்.

தலைப்பில் சொன்ன கருநீலக் கால்சட்டைக்கு வருகிறேன். 2016-ல் மகளுக்காகச் சாதாரணக் கடையில் வாங்கியது. பருத்தியில் கொஞ்சம் நெகிழ்நூல் கலந்த துணி, இடுப்பில் முழுச்சுற்று எலாஸ்டிக், முன்னால் பொத்தான் இருப்பதுபோல் ஒரு பாவனைத் தையல். நெருங்கிப் பார்த்தால்தான் பள்ளிக் கால்சட்டை என்று தெரியும். மேஜைக்கு மேலே பார்ப்பவர்களுக்கு அது எப்படியும் தெரியாது. வெள்ளைச் சட்டையோடு போட்டால் ஃபார்மல், டிஷர்ட்டோடு போட்டால் பினாங்கில் ஊர் சுற்ற ஏற்றது. இரவு குழாயில் அலசிக் குளியலறைக் கொடியில் போட்டால் காலையில் காய்ந்துவிடும். 2021-ல் அது மகனுக்கு வந்தது.

அந்த 2021 பயணத்தை வேகமாகக் கடந்துவிடலாம். எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பும் கோவிட் காலப் பயணம். கூடத்தில் பாதி மேஜைகள் காலி. சட்டைக்கு ஏற்ற நிறத்தில் முகக்கவசம் தேடியதுதான் அந்த ஆண்டின் அலங்காரம். கழற்றிய முகக்கவசத்தை வைக்க ஒரு மேல்பை இருந்ததால் மகனின் சட்டை பிழைத்தது.

சப்பாத்து பற்றி ஒரு வார்த்தை. பளபளக்கும் தோல் சப்பாத்தை வாங்காதீர்கள். ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிடும். அதற்குள் மூன்று இரவுதான் போட்டிருப்பார்கள். கப்பல் ஆடும்போது வழவழப்பான அடிப்பகுதி சறுக்கவும் செய்யும். முழுக்கறுப்புக் கேன்வாஸ், ஒட்டுப்பட்டை வைத்தது போதும். வெள்ளை அடிப்பகுதி இல்லாததாகப் பார்த்து வாங்கினால் மங்கலான வெளிச்சத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

இஸ்திரிப் பெட்டி கொண்டுபோகவே வேண்டாம். தீ அபாயம் என்பதால் கப்பலில் அனுமதி இல்லை. எங்களுடைய குட்டிப் பெட்டியைச் சோதனையில் எடுத்துவைத்துக்கொண்டு சீட்டு ஒன்று கொடுத்தார்கள். இறங்கும் நாளில்தான் திரும்பக் கிடைத்தது. குளிக்கும்போது ஜிப்பாவைக் குளியலறையில் மாட்டிவைத்தால் ஆவியில் சுருக்கம் தளரும். கால்சட்டைக்கு என் அப்பா காலத்து வித்தைதான்: மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டு மேலே படுத்துக்கொள்வது.

2023-ல் சவுத்தாம்ப்டன். நார்வேக்குப் போகும் ஏழு இரவு. நாங்கள் ஏறியதிலேயே உடையில் கறாரான கப்பல் அது. மகனுக்கு ஒன்பது வயது, கரும்பச்சை ஜிப்பா. கழுத்தைச் சுற்றி ஜரிகை வேலை. வீட்டில் போட்டுப் பார்த்தபோதே "அப்பா, குத்துகிறது" என்று இரண்டு நிமிடத்தில் கழற்றிவிட்டான். ஒன்றரை மணி நேரச் சாப்பாட்டில் இது நடக்காது. மனைவி பழைய மல்வேட்டியிலிருந்து ஒரு விரற்கடை அகலப் பட்டை கிழித்துக் கழுத்தின் உள்பக்கம் கைத்தையல் போட்டுக் கொடுத்தாள். முதல் காலா இரவில் ஐந்து தட்டுகள் வந்துபோகும்வரை கழுத்தில் கை வைக்கவில்லை. பக்கத்து மேஜையில் அவன் வயதுப் பையன் ஒருவன், முழுக் கறுப்புக் கோட்டு, வில் பட்டை, அசல் கனவான். இரண்டாவது தட்டில் கோட்டு நாற்காலி முதுகுக்குப் போனது, மூன்றாவதில் பையன் மேஜைக்கு அடியில் போனான். இனிப்பு வரும்போது அவனுடைய தாத்தாதான் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

மகளுக்குப் பதின்மூன்று. என்ன எடுத்துவைத்தாலும் வேண்டாம். அவளோடு கடைக்குப் போய் மூன்று வாரம் போராடினேன். கடைசியில் அவளே தேர்ந்தெடுத்தது அம்மாவின் கறுப்புச் சில்க் காட்டன் குர்தி, கறுப்புக் கால்சட்டை, சிவப்புத் துப்பட்டா. எனக்கு அது துக்க வீட்டு உடைபோல் தெரிந்தது. கூடத்தில் பார்த்தபோது வாயை மூடிக்கொண்டேன். பத்து வயதுக்குமேல் பிள்ளைகளுக்கு விதித் தாளைக் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது நல்லது. உடுத்தமாட்டேன் என்ற தகராறு பாதியாகக் குறைகிறது.

அந்தப் பயணத்தின் கடைசி இரவில் நான் செய்த கூத்தையும் சொல்லத்தான் வேண்டும். இறங்குவதற்கு முந்தைய இரவே பெட்டிகளைப் பூட்டி அறைக்கு வெளியே வைக்கவேண்டும், அவர்கள் இறக்கிவிடுவார்கள். பிள்ளைகள் சாப்பிட்டுவந்து இரவு உடைக்கு மாறியதும், கழற்றிய எல்லாவற்றையும் சுறுசுறுப்பாக அள்ளிப் பெட்டியில் திணித்துப் பூட்டி வெளியே வைத்தேன். மகனுடைய மறுநாள் உடையையும் சேர்த்து. காலையில் ஒன்பது வயதுப் பையன், டைனோசர் படம் போட்ட இரவுக் கால்சட்டையும் முந்தைய இரவின் ஜரிகை ஜிப்பாவுமாகக் குடிநுழைவு வரிசையில் நின்றான். கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், முத்திரை குத்தினார்.

2025 ஜூனில் நான்கு இரவுக்குப் போனபோது என் கைப்பையில் பிள்ளைகளுக்காக இருந்தது மூன்றே பொருள்: இரண்டு பின்னல் சட்டைகள், ஒரு பழைய மல்துணித் துண்டு. மற்றதெல்லாம் அவர்களே கட்டிக்கொண்டார்கள்.

கருநீலக் கால்சட்டை இப்போது தம்பி மகனிடம். டிசம்பரில் அவர்கள் புக்கெட் போகும் கப்பலுக்காக எடுத்துக் கொடுத்தேன். கால்நுனியில் மூன்று முறை மடித்துப் பிரித்த தையல் தடங்கள் வரிவரியாக இருக்கின்றன, முட்டியில் கொஞ்சம் நிறம் வெளுத்திருக்கிறது. எலாஸ்டிக் மட்டும் தொய்ந்துவிட்டது. அதை உருவிவிட்டு நாடா கோத்துக் கொடுத்திருக்கிறேன்.