சுவத்துக்கு சூட்ட தடுக்கற இன்சுலேஷன் போட்டு 68,000 ரூபா போச்சு, வேலூர்க்காரங்க உஷாரா இருங்க

நேத்து ராத்திரி தான் விஷயமே புரிஞ்சுது, ஆத்திரம் இன்னும் அடங்கல, அதான் உடனே எழுதறேன்.

சத்துவாச்சாரியில மாடி ரூம், மேக்கால பாத்த சுவரு. மே மாசம் 40 டிகிரிய தாண்டிட்டா சாயங்காலம் ஏழு மணிக்கும் அந்த சுவத்துல கை வெக்க முடியாது. அம்மா அங்கதான் படுக்கறாங்க. ஃபால்ஸ் சீலிங், இன்டீரியர் வேலை எடுத்து செய்யற ஒரு கடைக்காரர் வீட்டுக்கே ஒரு பெட்டிய தூக்கிட்டு வந்தாரு, உள்ள ஹாலோஜன் பல்பு, ஒரு பக்கம் வெறும் போர்டு, மறு பக்கம் கிளாஸ் வுல் (கண்ணாடி நார்ல செஞ்ச பஞ்சு) வெச்ச போர்டு. "தொட்டு பாருங்கம்மா"ன்னாரு. அம்மா தொட்டுட்டு "சில்லுன்னு கீதுப்பா"ன்னு சிரிச்சாங்க, அந்த சிரிப்புக்கு தான் அட்வான்ஸ எடுத்து குடுத்தேன். அந்த பெட்டிய நாலு ஓரமும் டேப் போட்டு அடச்சிருந்தாங்கன்றது அப்ப எனக்கு உறைக்கவே இல்ல.

நாலு நாள் வேலை, சுவத்துல உள் பக்கமா வுல்லு வெச்சு மேல போர்டு போட்டு மூடினாங்க, மொத்தம் 68,000. ரூம் அதே அனல். போன் பண்ணா "புது வேலை சார், செட் ஆவணும்". மறுபடி பண்ணா "ஏசி பத்தாது சார், ஒன்றரை டன் போடுங்க". அப்புறம் ஓனர் திருப்பதி போயிட்டாராம்.

நேத்து கரண்ட் போச்சு, ஃபேன் நின்னுடுச்சு. அம்மா ஏத்தின ஊதுவத்தி புகை நேரா மேல போகாம சுவிட்ச் போர்டு கிட்ட வந்ததும் இந்த பக்கம் தள்ளுது. கை வெச்சா சூடா காத்து. காலைல பிளேட்ட கழட்டினேன், மஞ்சள் வுல்லு கருப்பா அழுக்கேறி கிடக்கு, காத்து அது வழியா ஓடி ஓடி தூசி படிஞ்சிருக்கு. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல பழைய வென்டிலேட்டர அடைக்கவே இல்ல, வெளி அனல் அதுல நுழைஞ்சு போர்டு பின்னாடி இறங்கி சுவிட்ச் பாக்ஸ் வழியா ரூமுக்குள்ள வருது. சூட்ட தடுக்கறது அந்த பஞ்சு இல்லங்க, பஞ்சுக்குள்ள அசையாம நிக்கற காத்து. அது ஓட ஆரம்பிச்சா வுல்லு இருந்தும் பிரயோஜனம் போச்சு. வெறும் ஸ்வெட்டர போட்டுகினு பைக்ல ஏலகிரி ஏறி பாருங்க, குளிரு அப்படியே உள்ள பூந்துடும், மேல ரெயின்கோட் போட்டா தான் ஸ்வெட்டர் வேலை செய்யும்.

கடைக்கே நேரா போனேன். "இன்சுலேஷன் தான் சார் எங்க வேலை, கேப் அடைக்கறது கொட்டேஷன்ல இல்ல"ன்றாரு! கேப் அடைக்காத இன்சுலேஷன் இன்னாத்துக்கு? 68,000 ரூபா, அம்மா கீழ ஹால்ல பாய் போட்டு படுக்கறாங்க.

போர்டு மூடறதுக்கு முன்னாடி ஜன்னல் ஃபிரேம் ஓரம், ஏசி பைப் ஓட்டை, சுவிட்ச் பாக்ஸ், மேல வென்டிலேட்டர் எல்லாம் ஃபோம், சிலிகான் போட்டு அடச்சாச்சான்னு நீங்களே நின்னு பாருங்க, போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ஏசி போடற ரூம்னா ரொம்ப முக்கியம், ஈரக்காத்து உள்ள போய் குளிந்த போர்டுல தண்ணி கோத்தா பூஞ்சை பிடிக்கும். ஊதுவத்தி வெச்சு பாக்காம கடைசி பணம் குடுக்காதீங்க. பில் வாங்குங்க, எனக்கு கொட்டேஷன் பேப்பர்லயே பேனாவால கிறுக்கி குடுத்தாங்க, அத எடுத்துகினு நாளைக்கு வக்கீல பாக்க போறேன்.