பால்வாடியா, கம்பெனிக் காப்பகமா, ப்ளே ஸ்கூலா? திருப்பூரில் ஓர் இரண்டரை வயதுக்காக அலைந்தது

என் தங்கைக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலை எட்டரைக்குப் போனால் மாலை ஐந்தரை. ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட், வீடு வர இரவாகிவிடும். அவளுடைய பையனை எங்கள் அம்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலியில் நாள் முழுக்க அவன் பின்னால் ஓட முடியாமல் போனதும், மூன்று இடங்களை நானும் தங்கையும் போய்ப் பார்த்தோம்.

போகும்போது ஓர் அளவுகோல் கையில் இருந்தது. 2013-இல் வந்த தேசிய முன்பருவக் கல்விக் கொள்கையோடு தரநிலைகளும் வகுக்கப்பட்டன. மூன்று வயதுக்குக் கீழ் 10 குழந்தைக்கு ஒரு பெரியவர், மூன்று முதல் ஆறு வரை 20 குழந்தைக்கு ஒருவர். 30 குழந்தைக்கு 35 சதுர மீட்டர் அறை, அதாவது ஏறக்குறைய 375 சதுர அடி. வெளியே விளையாட 30 சதுர மீட்டர். பேச்சு தாய்மொழியில் இருக்க வேண்டும்.

இடத்தை மட்டும் அளந்தால் ப்ளே ஸ்கூல்தான் ஜெயிக்கும். சறுக்குமரம், வண்ணச் சுவர், கேமரா எல்லாம் உண்டு. ஆனால் ஒரு டீச்சருக்கு 26 குழந்தைகள், துணைக்கு ஓர் ஆயா. அந்த வருடத்தில் அவர் மூன்றாவது டீச்சர் என்று வாசலில் நின்ற ஒரு அம்மா சொன்னார். இரண்டரை வயதுக் குழந்தையின் விரலைப் பிடித்து, புள்ளி வைத்த 'ஏ' மேல் பென்சிலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பென்சில் பிடிக்கும் வலு அந்த விரலுக்கு இன்னும் வரவில்லை. இந்த வயதுக்கு விளையாட்டு வழியாகத்தான் கற்பிக்க வேண்டும் என்று தேசியப் பாடத்திட்டம் சொல்கிறது. அந்தப் பென்சில் இழுப்புக்குப் போய்ப் பணம் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

கம்பெனிக் காப்பகத்தின் பெரிய பலம் தூரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-இல் மகப்பேறு பலன் சட்டத்தைத் திருத்தினார்கள். பால் குடிக்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. நாங்கள் பார்த்த காப்பகம் சுத்தமாக இருந்தது, தொட்டில்கள் இருந்தன. ஆனால் 14 குழந்தைக்கு ஒரே ஒரு அக்கா. பாதிப் பேர் ஒடிசா, பீகார் பக்கத்துக் குழந்தைகள். ஒரு பாப்பா ஏதோ கேட்டுக் கேட்டு அழுதது, அந்த அக்காவுக்குப் புரியவில்லை. கடைசியில் தண்ணீர்தான் கேட்டிருக்கிறது. பாவம், அந்த அக்காவையும் குறை சொல்ல முடியாது. முன்பு தையல் பகுதியில் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் இருந்தவரை இங்கே மாற்றியிருக்கிறார்கள். பயிற்சி என்று எதுவும் கொடுக்கவில்லை.

அப்புறம் பால்வாடி, அதாவது அரசு அங்கன்வாடி. பழைய கட்டடம், ஒரே அறை. 18 குழந்தைகள், டீச்சர் ஒருவர், ஆயாம்மா ஒருவர். தங்கை பையன் வாசலிலேயே அழுதான். டீச்சர் அவனை இழுக்கவில்லை, பூச்சாண்டி காட்டவில்லை. நிலைப்படியில் அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, நூல் தீர்ந்த கோன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஐந்தாவது கோன் சாய்ந்தது. "விழுந்துருச்சு சாமி, நீ வெச்சுப் பாக்கறயா?" என்றார். பத்து நிமிடத்தில் அவன் உள்ளே இருந்தான். மதியம் முட்டையை அவன் கையிலேயே கொடுத்தார். ஓடோடு பாதி வெள்ளையும் போனது. பக்கத்தில் உட்கார்ந்து, அவன் உரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார். "ஊட்டி உட்டா ரெண்டு நிமிசமுங்க. ஆனா நாளைக்கும் நாமதான் ஊட்டோணும்" என்றார். 19 வருட அனுபவம் அது.

பயிற்சி விஷயத்தில் எனக்கு ஆதங்கம் நிறைய. 2020 தேசியக் கல்விக் கொள்கை, பிளஸ் டூ முடித்த அங்கன்வாடி ஊழியருக்கு ஆறு மாதச் சான்றிதழ், அதற்குக் கீழ் படித்தவருக்கு ஒரு வருட டிப்ளமோ என்கிறது. அதையும் வேலையோடு சேர்த்து போன் வழியாகவும் டிடிஎச் வழியாகவும் படிக்கச் சொல்கிறது. மாதம் ஒரு நேரடி வகுப்பு. சத்தோடு படிப்பும் என்று 2023-இல் மத்திய அரசு தொடங்கிய 'போஷன் பீ படாயீ பீ' திட்டத்தில் ஊழியருக்கு மூன்று நாள் பயிற்சி. அழுகிற குழந்தை முன்னால் எப்படி உட்காருவது என்பதை மூன்று நாளில் சொல்லலாம், பழக்க முடியாது. எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, அத்தனையையும் போனில் ஏற்றிவிட்டு மிஞ்சிய நேரத்தில் பாடம் படி என்றால் எந்த மனுஷியால் முடியும்? பள்ளிக்கூட வாத்தியாருக்கு லீவு கொடுத்துப் பயிற்சிக்கு அனுப்புவதுபோல இவர்களையும் அனுப்ப வேண்டும். அந்த நாட்களுக்கு மாற்று ஆள் போட வேண்டும்.

பால்வாடியின் ஒரே பெரிய குறை நேரம். எங்கள் மையம் மூன்றரைக்கு மூடிவிடும், ஷிப்ட் ஐந்தரைக்கு. 2022 முதல் மத்திய அரசின் 'பால்னா' காப்பகத் திட்டத்தில் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்த வழி இருக்கிறது. அது முதலில் வர வேண்டிய ஊர்களில் திருப்பூரும் ஒன்று.

கைக்குழந்தை என்றால் நான் கம்பெனிக் காப்பகத்தையே சொல்லியிருப்பேன், இன்னொரு ஆள் போடச் சொல்லிச் சண்டை பிடித்தாவது. இவனைப் பால்வாடியில்தான் சேர்த்தோம். நாள் முழுக்க முடியாது என்ற அம்மா, இரண்டு மணி நேரம்தானே என்று மூன்றரைக்கு முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு போய்க் கூட்டி வருகிறார். வீட்டிலும் இப்போது நான்கு கோன் கிடக்கிறது.