மாஸி 135: எஞ்சினை இறக்க முதல் ஒயில் கம்பியைப் பாருங்கோ

எங்கள் வீட்டு மாஸி பெர்குசன் 135 ட்ரக்டரை 11 வருசமாக ஓட்டுகிறேன். பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர், இரண்டரை லீற்றர் டீசல் எஞ்சின், வயசில் என்னைவிட மூத்தது. யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் புழுதி விதைப்புக்கு உழவு, மற்ற நாளில் பெட்டியைக் கொழுவி மண், கல் ஏற்றுவது.

ஒருமுறை ஒயில் பிரஷர் முள்ளு இறங்கத் தொடங்கியது. கராஜில் காட்டினால் பெயாறிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்றார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். இறக்க முதல்நாள் பக்கத்துக் காணி ஐயா வந்து, "தம்பி, ஒயில் கம்பியை இழுத்துப் பாத்தனீரோ?" என்றார், ஒயில் மட்டம் பார்க்கிற கம்பியைத்தான். இழுத்தால் மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது! கிழட்டு எஞ்சினில் ஒயில் குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடும்? மணந்து பார்த்தேன், டீசல். எஞ்சின் பக்கவாட்டில் பூட்டியிருக்கிற, டாங்கியிலிருந்து டீசல் இழுக்கிற லிப்ட் பம்பின் டயப்ரம் (உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வு) கிழிந்தால் டீசல் நேரே ஒயிலுக்குள் இறங்கும், ஒயில் தண்ணியாகிப் பிரஷர் விழும். டயப்ரம், ஒயில், பில்டர் மூன்றையும் மாற்றினேன், முள்ளு எழும்பிவிட்டது. மாற்றியும் ஒயில் கூடினால் இன்ஜெக்டர்களுக்கு (சிலிண்டருக்குள் டீசல் பீச்சுகிற முனைகள்) டீசல் தள்ளுகிற இன்ஜெக்டர் பம்பின் சீலைச் சந்தேகிக்க வேண்டும். அதே ஒயிலோடு ஓட்டியிருந்தால் பெயாறிங் உண்மையாகவே போயிருக்கும், ஆக கராஜ்காரர் ஒருவகையில் தீர்க்கதரிசிதான்.

2022 டீசல் வரிசைக் காலத்தில் பரலில் சேர்த்து வைத்ததற்கும் அனுபவித்தேன். அடியில் தண்ணியும் துருவும் தேங்கி, கலப்பையை இறக்கினதும் எஞ்சின் மூச்சு வாங்கி நின்றுவிடும். டீசல் பில்டரை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினேன், அரை மணித்தியாலத்தில் திரும்பவும் நின்றது. பில்டரைப் பூட்டும்போது பழைய செப்பு வோஷரையே போட்டிருந்தேன், அந்த இடுக்கால் காற்று இழுத்திருக்கிறது.

ஒரு சிலிண்டர் வேலை செய்யாததுபோல் தட்டினால், மெதுவாக ஓடவிட்டு இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்துங்கோ. எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் கள்ளன். கையை மட்டும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

கறுப்புப் புகைக்கு முதலில் ஏர் கிளீனரைக் கழற்றுங்கோ, வலிகாமத்துச் செம்மண்ணில் கூலிக்கு உழுதுவிட்டு வந்தால் அதன் ஒயில் கிண்ணம் சேறாகத்தான் இருக்கும். நீலப் புகை என்றால் சரி, ஒயில் எரிகிறது, பெரும்பாலும் பிஸ்டன் றிங் தேய்ந்திருக்கும். என்னுடையதிலும் காலையில் கொஞ்சம் வருகிறது. இப்போதைக்குத் திறக்கவில்லை, ஊற்றுகிற ஒயிலைக் கொட்டில் சுவரில் கரியால் கோடு போட்டு வைக்கிறேன். இந்த மாரி முடிய எண்ணிப் பார்ப்பேன்.